தொப்பி வைத்த யூ

ஜனவரி 14, 2025

வேலை போய்விட்டது. காலை ஒன்பதரைக்கு ஒரு வீடியோ அழைப்பு. பத்து மணிக்கெல்லாம் லேப்டாப் பூட்டிக்கொண்டது. ஒர்க் பெர்மிட் ஆகஸ்ட் வரைதான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. எங்காவது சொல்லித்தானே ஆக வேண்டும், அதற்காக இந்த நோட்டு.

ஜனவரி 19

அறைத்தோழன் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் எனக்கு 487 புள்ளி. வேலை இருந்தாலே இழுபறிதான். ஆனால் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு 2023 ஜூலையிலிருந்து தனி அழைப்புச் சுற்று நடக்கிறது. பிரெஞ்சுத் தேர்வில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்கிலும் ஏழாம் நிலையைத் தொட்டுவிட்டால் அந்த வரிசையில் நிற்கலாம்; மேற்கொண்டு 50 புள்ளியும் கிடைக்கும். "பிளஸ் டூல பிரெஞ்சுதானே எடுத்த?" என்றான். எடுத்தேன், மார்க்குக்காக. 200க்கு 196. ஒரு காபி கேட்கக்கூட வராது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுற்று கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களுக்கு. ஸ்கார்பரோவில் குடியிருக்கப் பிரெஞ்சு!

பிப்ரவரி 2

செடார்பிரே நூலகத்தில் 'பிரெஞ்சு சாரை'ப் பார்த்தேன். காரைக்கால்காரர். பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கூப்பிட்டதால் இங்கே வந்திருக்கிறார். முழுக்கைச் சட்டை, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர். காசு வேண்டாம், நேரத்துக்கு வந்தால் போதும் என்றார்.

என்னென்ன காலம் தெரியும் என்று கேட்டார். நிகழ்காலம், இறந்தகாலம், கொஞ்சம் எதிர்காலம் என்றேன். சிரித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் பிரதி, பச்சை மை. ப்ளூஸ்-க-பர்ஃபே து சுப்ஜோன்க்திஃப்.

பிப்ரவரி 9

அந்தத் தாளில் இருந்த வினைவடிவத்தை யாரும் பேசுவதில்லை. தேர்விலும் வராது. பிரெஞ்சுக்காரர்களே புத்தகத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆனாலும் இரண்டு மணி நேரம் இதிலேயே போயிற்று.

க ஜூஸ் சின்யே, க த்யூஸ் சின்யே, கில் யூ சின்யே. துணைவினையை எடுத்து, அதன் சுப்ஜோன்க்திஃப் இறந்தகால வடிவத்தைப் போட்டு, பின்னால் வினையெச்சம் மாதிரி ஒன்றை ஒட்டினால் முடிந்தது. 'ஜூஸ்' என்று நான் சொன்னதும், பக்கத்து மேசைக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. சார் சிரிக்கவில்லை. உதட்டைக் குவித்து, உள்ளே 'ஈ' சொல்லச் சொன்னார். தமிழ் வாய்க்கு அந்த ஒலி சிக்கமாட்டேன் என்கிறது.

பிறகு ஒன்று காட்டினார். அதுதான் இன்னும் மனதில் ஓடுகிறது. 'இல் யூ சின்யே' என்று இரண்டு முறை எழுதினார். இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு. இரண்டாவதில் மட்டும் யூவின் தலையில் ஒரு குட்டித் தொப்பி. "தொப்பி இல்லேன்னா அவன் கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டான். இருந்தா, போட்டிருப்பான், ஆனா போடலை. காதுக்கு வித்தியாசம் தெரியாது தம்பி. எழுதினாத்தான் தெரியும்."

வேறு வினை எடுக்கலாமே என்றேன். இது சுலபமான வினை, இதையே எழுதுங்க என்றார்.

பிப்ரவரி 16

பனி. வகுப்பு இல்லை.

பிப்ரவரி 19

இன்றைய பிரெஞ்சுச் சுற்றில் 428 போதுமாக இருந்தது. இரண்டு வாரம் முன்பு, கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான சுற்றில் 521. என்னுடைய 487ஐ வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

பிப்ரவரி 23

இன்று சாரோடு மல்லுக்கு நின்றேன். 1976 டிசம்பர் 28 அன்றே பிரெஞ்சுக் கல்வி அமைச்சு ஆணை போட்டுவிட்டது. இந்த மாதிரிப் பழைய சுப்ஜோன்க்திஃப் வர வேண்டிய பல இடங்களில் சாதாரண வடிவத்தை எழுதினால், தேர்வில் தவறாகக் கொள்ளக் கூடாது என்று. தேடிப் பிடித்து வாசித்துக் காட்டினேன். "கவர்மெண்டு விட்டுக்கொடுத்தா நாமளும் விட்டுக்கொடுக்கணுமா?" என்றார். எனக்கு பெர்மிட் முடிகிறது சார் என்றேன், கொஞ்சம் உரக்கவே. நூலகத்தில் நாலு பேர் திரும்பினார்கள். அவர் பேசாமல், என் பையிலிருந்து எட்டிப் பார்த்த இந்த நோட்டைக் காட்டினார். "டைரியா? நம்ம புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736ல ஆரம்பிச்சு, 1761ல சாகற காலம் வரைக்கும் எழுதினார். சரக்கு வந்தது, விலை ஏறினது, குவர்னருக்குக் கோவம் வந்தது, எல்லாம். நிறுத்திடாதீங்க."

பாதிக் கோபத்தில்தான் பஸ் ஏறினேன்.

மார்ச் 2

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

1954 நவம்பர் 1இல், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த காரைக்கால் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. சட்டப்படி பிரான்ஸ் விலகியது 1962 ஆகஸ்ட் 16. அங்கேயே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் அன்றோடு இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய அப்பா காகிதத்தை எழுதி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர் பேரப்பிள்ளைகள் இன்று பாரீஸ் புறநகரில். இவர் வீட்டில் தை போயிற்று, மாசியும் பிறந்தது.

"ஏன் சார் கொடுக்கலை?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'நாளைக்குப் போகலாம்னு இருந்தேன்'னார்."

"கொடுத்திருந்தா நீங்க…"

"வரிக்குத் திரும்புங்க தம்பி. நூ யூஸியோன், அப்புறம்?"

அப்புறம் வூ யூஸியே. சொன்னேன். பச்சை மையில் ஒரு டிக் விழுந்தது.

மார்ச் 11

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். "சாப்பிட்டியா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மார்ச் 21

பிரெஞ்சுச் சுற்றில் 379! 7,500 பேருக்கு அழைப்பு. அறைத்தோழனின் நண்பன் ஒருவனுக்குக் கிடைத்திருக்கிறது, ராத்திரி பிரியாணி. நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

மார்ச் 30

தேர்வு மே மாதம். சார் பச்சை மைத் தாள்களை மூட்டை கட்டிவிட்டார். இனிப் பேச்சு மட்டும். பேச்சுத் தேர்வு 15 நிமிடம்: முதல் 5 நிமிடம் விளம்பரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், அடுத்த 10 நிமிடம், மனமில்லாத நண்பனை இன்னொரு விளம்பரத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். நண்பனாகச் சார்.

நான் எடுத்தது பாரீஸ் சுற்றுலா. ஒரு வாரம், மலிவு விலை.

குளிர் என்றார். வசந்தத்தில் போகலாம் என்றேன். முட்டி வலி என்றார். படகில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்றேன். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றார். லா ஷப்பேலில் இறங்கினால் போதும், இட்லிகூடக் கிடைக்கும் என்றேன். முழு வாக்கியங்கள், ஒன்றிலும் திக்கவில்லை. மனிதர் கடைசிவரை மசியவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் ஆச்சு. உச்சரிப்பு தேவலை. வேற விளம்பரம் எடுங்க."