கறையான் கோட்டையின் அபாய மணி

கறையான் என்ற பெயரைக் கேட்டாலே நமக்குக் கோபம் வருகிறது. இருபது வருஷம் உபாத்தியாயர் தொழில் பார்த்தவர் வீட்டில், அது தின்று தீர்த்த புத்தகம் ஒன்றாவது இல்லாமற் போகுமா? ஆயினும், பகைவனிடத்திலும் கற்றுக்கொள்ளத் தக்க விஷயம் உண்டு.

கறையான் கூட்டத்தில் போர் வீரர்கள் என்றே தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான இனங்களில் இவ்வீரர்களுக்குக் கண் பார்வை கிடையாது. தாமாக இரை தின்னவும் இயலாது. வேலைக்காரக் கறையான்கள் ஊட்டிவிட வேண்டும். இத்தகைய குருட்டுச் சேனை, புற்றில் ஓர் உடைப்பு ஏற்பட்டதும், அந்த இடத்திற்கே வந்து திரண்டு நிற்கிறதே, எவ்வாறு?

"ராணிதானே ஸார் உத்தரவு போடுகிறாள்?" என்று வகுப்பில் ஒரு பையன் நம்மைக் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் யுத்த காலத்தில் ராணி வாய் திறப்பதில்லை. அங்கே ஆணையிடுவது வாசனை.

ஆஸ்திரேலியாவில் வாழும் நாஸுடிடெர்மெஸ் என்னும் இனத்தைப் பாருங்கள். அதன் வீரனுடைய தலை, கிண்டியின் மூக்கைப் போல் முன்னே நீண்டிருக்கும். எறும்பு எதிர்ப்பட்டால் அந்த மூக்கின் வழியே பசை போன்ற ஒரு திரவத்தைப் பீச்சுகிறது. எறும்பின் கால்கள் ஒட்டிக்கொள்கின்றன. அத்திரவத்தில் ஆல்பா பைனீன் என்ற பொருள் கலந்திருக்கிறது. வர்ணம் கரைக்க உதவும் டர்ப்பன்டைன் எண்ணெயில் இருப்பதும் அதுவே. அந்த வாசனை காற்றில் பரவியதும் மற்ற வீரர்கள் விரைந்து வருகின்றனர். வேலைக்காரர்கள் உள்ளே ஒதுங்குகின்றனர். அம்பும் அதுவே, அபாய மணியும் அதுவே! ஆப்பிரிக்கப் பெரும் புற்றுக்களில் வசிக்கும் வீரர்களோ தலையைத் தரையில் மோதி, மண்ணின் அதிர்வாலும் செய்தி அனுப்புகின்றனர்.

இவ்வாறு ஒரே இனத்தாரிடையே செய்தி சுமக்கும் ரசாயனப் பொருள்களுக்கு 1959-ல் பீட்டர் கார்ல்ஸன், மார்ட்டின் லூஷர் என்ற இரு விஞ்ஞானிகள் 'பெரோமோன்' என்று பெயரிட்டார்கள். லூஷர் கறையான்களை ஆராய்ந்தவர்.

இவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது ஒன்று. அபாய வாசனை எளிதில் ஆவியாகிவிடும். தாக்குதல் நின்றால் மறுபடி பீச்ச வேண்டியதில்லை. பழைய வாசனையோ காற்றில் கரைந்து போகிறது. சேனை கலைகிறது, வேலை தொடங்குகிறது. அந்த வாசனை நீங்காமலே நின்றுவிட்டால், எறும்பு வராத நாளிலும் கூட்டம் முழுவதும் கலங்கிக் கிடக்கும் அல்லவா?

மனிதரின் அபாய மணிக்கு இக்குணம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஓர் அடைமழை நாளில், நாம் வசிக்கும் ஊரில் "ஏரி உடைந்துவிட்டது!" என்று யாரோ கூவினார்கள். ஏரி உடையவில்லை. ஆனால் ஜனங்கள் ஓடிய ஓட்டத்தில், நம் பள்ளியில் படித்த ஒரு சிறுமி கீழே விழுந்து கை முறிந்தது. கரையைப் போய்ப் பார்த்து வந்தவர்கள் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. மூன்று இரவுகள் ஊர் உறங்கவில்லை. வதந்தி வாய்க்கு வாய் வளர்ந்துகொண்டே போயிற்று. மழை ஓய்ந்து, குளத்து நீரும் வடிந்த பின்புதான் சிலர் வீடு திரும்பினர்.

கண்ணில்லாத கறையான், எதிரியைத் தொட்டறிந்து மணியடிக்கிறது. காரியம் முடிந்ததும் அம்மணி தானே ஓய்கிறது. கண்ணுள்ள நாமோ காணாததைக் கூவுகிறோம். கூவியதை அடக்கவும் அறியோம். நம் சொல் தானாக ஆவியாகாது. ஆகையால், கூவுமுன் கரைவரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருவது உத்தமம்.