வளையத்தின் கீழே

பெண்ணின் உயரத்துக்கு யாழ்ப்பாணச் சமூகம் எழுதாத அளவுகோல் ஒன்றை நெடுங்காலமாகவே வைத்திருக்கின்றது. மணப்பேச்சில் மாப்பிள்ளையின் தோளைத் தாண்டாதிருத்தலே அதன் மேலெல்லை. அவ்வெல்லையைக் கடந்து வளர்ந்தவளை ஊர் பனையோடு ஒப்பிட்டுச் சிரிக்கும். பனையைக் கற்பகதரு எனப் போற்றும் மண்ணிலேயே ஒரு பெண்ணைப் பனை என்பது ஏளனமாகிவிடுகின்றமை விந்தையானதே. அத்தகைய மண்ணில், ஈவினைக் கிராமத்திற் பிறந்து, 208 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறடி பத்து அங்குலம், வளர்ந்தவர் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம்.

இளமையில் தம் உயரத்தின் பொருட்டுத் தாம் பட்ட கேலியை அவர் பிற்காலப் பேட்டிகளில் மறைத்ததில்லை. தெருவில் இறங்குவதும் பேருந்தில் ஏறுவதும் பிறர் கண்களுக்கு வேடிக்கையாகும்போது, ஓர் இளம்பெண் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுதல் இயல்பு. அவர் முடங்கவில்லை. பின்னர் வெற்றிகள் வந்தன. சிரித்த ஊரே மாலை சூட்டியது. ஆயினும் இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அன்று நகைத்தவர்கள் உயரத்தையே கண்டார்கள். இன்று புகழ்பவர்களும் உயரத்தையே காண்கிறார்கள். 'அந்த உயரம் இருந்தால் யாரும் கோல் போடலாம்' என்னும் சொல், பாராட்டின் உடையணிந்து வரும் பழைய ஏளனமேயாகும். இரு சாராருடைய பார்வைக்கும் அகப்படாமற் போனது அவருடைய உழைப்பு.

வலைப்பந்தாட்டத்தின் இயல்பை அறிந்தால் இவ்வுண்மை விளங்கும். கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த இவ்விளையாட்டில் அணிக்கு எழுவர் ஆடுவர். கால் மணி நேரப் பகுதிகள் நான்கு. வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். அதன் பின்னே பந்து பட்டுத் திரும்புவதற்குப் பலகை எதுவும் இல்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுதல் ஆகாது. கையிற் பெற்ற பந்தை மூன்று வினாடிக்குள் விட்டுவிடல் வேண்டும். ஊன்றிய காலை இழுத்தாலும் தவறு. எழுவரில் இருவருக்கு மட்டுமே கோல் போடும் உரிமை உண்டு. அவர்களும் வளையத்தைச் சூழ்ந்த அரைவட்டத்துள் நின்றே எறிதல் வேண்டும். அவ்விருவருள் கோல் எய்பவர் எனப்படுபவர், மைதானத்தின் மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டவே முடியாதவர். தர்ஜினி நின்ற இடம் அதுவே.

உயரமானவர் கைகளை முழுதும் உயர்த்தினாலும் வளையம் அவருக்கு மேலேயே இருக்கும். பந்தை எய்தே ஆகவேண்டும். பலகையின் துணையின்றி, மூன்று வினாடிக்குள், அசையாத காலோடு எய்தல் வேண்டும். எதிரணியினரும் வாளாவிருப்பதில்லை. அவர்கள் வானத்தில் தோற்பதைத் தரையில் வெல்ல முயல்வர். அவர் கால் வைக்க எண்ணிய இடத்தை முன்னரே பிடித்து நிற்பர். பந்து வரும் வழியை மறிப்பர். நெடிய உடல் மெல்லத் திரும்பும். குதித்து இறங்கும்போது முழங்காலுக்கு நேரும் பாரமும் பெரிது. இத்தனைக்கும் நடுவே, ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை பழகி, அறுபது நிமிடமும் தவறாமல் நிகழ்த்துவது பிறப்பால் வருவதன்று.

இன்னுமொன்றும் உண்டு. கோல் எய்பவர் தாமாகச் சென்று பந்தை எடுத்து வர இயலாது. மைதானத்தின் மறுமுனையிலிருந்து தோழியர் கைமாற்றிக் கைமாற்றிக் கொணர்ந்து, காவலர் தலைக்கு மேலாக அவருடைய கைகளுக்கு எறிதல் வேண்டும். எறிபவள் அவரை நம்ப வேண்டும். அவரும் எறிபவளை நம்ப வேண்டும். இந்நாட்டில் அந்நம்பிக்கை சிறிய பொருளன்று. குடாநாடு போரிலே சிதைந்த காலத்தில் இளமையைக் கழித்த தமிழ்ப் பெண் ஒருவர், பெரும்பாலும் சிங்களப் பெண்கள் கொண்ட தேசிய அணியில் நின்றார். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலேயே அவ்வணி ஆசியச் சம்பியனாயிற்று. அவ்வெற்றி மாண்டவர்களை மீட்டுத் தரவில்லை. காணாமற் போனோரின் தாய்மாருக்கு மறுமொழியும் கூறவில்லை. அதனைத் தேசிய ஒற்றுமையின் சான்றெனச் சுவரொட்டியில் ஒட்டுதல் எளிது, அது நேர்மையாகாது. மொழி வேறான எழுவர் ஒரு பந்தை நம்பிக்கையோடு கைமாற்றினர் என்பதே உண்மை. அந்த அளவில் அது மதிக்கத் தக்கது.

அவருடைய வாழ்க்கை வழி மற்றொரு வினாவையும் எழுப்புகின்றது. கனடாவிலோ ஐக்கிய அமெரிக்காவிலோ ஐஸ் ஹொக்கியின் முன்வரிசை வீரன் ஒருவன் பதினெட்டு வயதளவிலேயே தொழில்முறைக் கழகத்தாற் தெரிவு செய்யப்படுகிறான். ஒப்பந்தமும் ஊதியமும், மருத்துவரும் பயிற்றுநரும் அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கற்ற தர்ஜினிக்கு அத்தகைய வழி எதுவும் திறந்திருக்கவில்லை. 1963 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலேயே இலங்கை பங்குபற்றியிருந்தும், வலைப்பந்தாட்டம் இங்கு எவருக்கும் சோறு போடும் தொழிலாக வளரவில்லை. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் வேலை கொடுத்துத் தம் அணியில் ஆடவைப்பதே வழக்கம். அவரும் செலான் வங்கியிற் பணியாற்றியே ஆடினார். பின்னர் அவுஸ்திரேலியா சென்று மெல்பேண் நகரக் கழகத்துக்காக ஆடியபோதுதான் விளையாட்டே தொழிலாகும் உலகை அவர் கண்டார். ஈவினையிலிருந்து புறப்பட்ட திறமைக்கு விலைமதிப்புக் கிடைக்கக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

2009 இன் பின் ஒன்பது ஆண்டுகள் ஆசியக் கிண்ணம் இலங்கைக்குக் கிட்டவில்லை. 2018 இல், நாற்பதை நெருங்கும் வயதில், திலகா ஜினதாச பயிற்றுவித்த, சதுராங்கி ஜயசூரிய தலைமை தாங்கிய அணிக்கு அவர் மீண்டும் வந்தார். சிங்கப்பூரில், சிங்கப்பூர் அணியையே இறுதியாட்டத்தில் வென்று இலங்கை கிண்ணத்தைக் கொணர்ந்தது. மறு ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மிகக் கூடுதலான கோல்களைப் போட்டவர் அவரே. இலங்கை அணியோ பட்டியலின் அடிப்பகுதியிலேயே நின்றது. தனியொருவரின் ஆற்றல் ஓர் அமைப்பின் குறையை எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதற்கும், எவ்விடத்தில் மறைக்க மாட்டாது என்பதற்கும் அதுவே சான்று. 2022 இல், நாற்பதைக் கடந்த பின்னரும், சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் அவர் இருந்தார். உயரம் மட்டுமே மூலதனமாயின் அது இருபது வயதிலும் அதே அளவுதான். இருபது ஆண்டுகள் அவரை அவ்வளையத்தின் கீழே நிறுத்தியது வேறொன்று.

குடாநாட்டுப் பாடசாலைகளில் இன்றும் மாலை வேளைகளில் மாணவியர் வலைப்பந்தாடுகின்றனர். அவர்களுள் நெடியவளும் உண்டு, குறியவளும் உண்டு. பதினாறு வயதில் பொதுப் பரீட்சையைக் காரணங்காட்டி இருவரையுமே மைதானத்திலிருந்து அழைத்துக்கொள்வது பெற்றோர் வழக்கம். தர்ஜினிக்கு விழா எடுப்பது நன்று. அதனினும் நன்று, அம்மாணவியர் இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆடும்படி விட்டுவிடுதல். அவர்களுள் எவள் எங்கே சென்று நிற்பாள் என்பதை இன்று அவளுடைய உயரத்தை அளந்து எவராலும் கூறிவிட முடியாது.