முதலில் தட்டு, பிறகு குவளை

கிரேக்க மொழியில் ‘க்சினோ’ என்றால் புளிப்பு. ‘மாவ்ரோ’ என்றால் கறுப்பு. இரண்டும் சேர்ந்ததுதான் ‘க்சினோமாவ்ரோ’. வடகிரேக்கத்தில் விளையும் ஒரு கறுப்புத் திராட்சையின் பெயர் அது. அதிலிருந்து எடுக்கும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். விற்கிற பொருளுக்குப் ‘புளிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று, வானொலியில் தினமும் விளம்பரம் வாசிக்கும் எனக்கு வியப்பாக இருந்தது.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு நானும் கணவரும் தெசலோனிகி போயிருந்தோம். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், வெர்மியோ மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது நௌசா. இளம் அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன மியேசா அதன் அருகில்தான். 1971ஆம் ஆண்டு நௌசா ஒயினின் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. க்சினோமாவ்ரோவை மட்டுமே கொண்டு செய்த ஒயின்தான் அந்தப் பெயரைத் தாங்க முடியும்.

மதிய உணவுக்கு அமர்ந்தோம். உணவகத்து அம்மா போத்தலைத் திறந்து வைத்தார், ஊற்றவில்லை. சாப்பாடு வரட்டும் என்று சைகை காட்டினார். ருசி பார்க்க ஒரு வாய் மட்டும் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

அடர்சிவப்பு இல்லை, செங்கல் நிறம் கலந்த மெல்லிய சிவப்பு. வெயிலில் காய்ந்த தக்காளி, ஆலிவ், கொஞ்சம் ஸ்ட்ராபெரி மணம். வாயில் வைத்ததும் புளிப்பு நாக்கின் ஓரங்களைக் கிள்ளியது. பின்னாலேயே வந்த துவர்ப்பு, பால் சேர்க்காத கடுந்தேநீரைப் போல ஈறுகளை இறுக்கிப் பிடித்தது.

பிறகு ‘யுவெட்சி’ வந்தது. தக்காளிச் சாற்றில் மெல்ல வெந்த ஆட்டிறைச்சி, அரிசி வடிவப் பாஸ்தாவுடன். ஒரு வாய் இறைச்சி, ஒரு மிடறு ஒயின். அதே போத்தல்தானா என்று பார்த்தேன். துவர்ப்பு அடங்கி, பழச்சுவை முன்னே வந்திருந்தது.

காரணம் எளிது. ஒயினிலுள்ள டானின், உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அதற்கு ஈடுகொடுக்கின்றன. புளிப்போ, கொழுப்பின் பிசுபிசுப்பைக் கழுவி அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயாராக்குகிறது. புளிப்பு குறைந்த ஒயின்கள் தக்காளிக்கு முன்னால் சப்பென்று ஆகிவிடும். இது நிமிர்ந்து நிற்கிறது.

அந்த மேசையில் எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா, சம்பள நாளில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். மூடி வைத்த சோறும் மீன்குழம்பும் ஆறிப்போகும். பாட்டி சாப்பிடாமல் காத்திருப்பார். எங்கள் குடும்பத்தில் ‘குடி’ என்றால் அந்த ஆறிய சோறுதான். முப்பது வயதுவரை நான் மதுவைத் தொடாததற்கும் அதுவே காரணம். அந்த அச்சம் வீண் என்று இன்றும் சொல்லமாட்டேன்.

நௌசாவில் பக்கத்து மேசையில் மூன்று தலைமுறை அமர்ந்திருந்தது. முதல் உணவு அந்த வீட்டுப் பாட்டியின் தட்டுக்குப் போனது. அதன் பிறகே ஒயின். ஆறு பேருக்கு ஒரே போத்தல், இரண்டு மணி நேரம். கிரேக்கத்திலும் குடியால் கெட்டவர்கள் இருப்பார்கள். ஆனால் சோற்றோடு உட்காரும் மதுவை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மிளகாய்க் காரத்தை மதுவும் டானினும் கூட்டிவிடும். அதனால் ஆட்டுக்கறியில் காரத்தைக் குறைத்து, தக்காளியும் பட்டையும் தாராளமாகச் சேருங்கள். சைவத்துக்குக் கத்திரிக்காய், தக்காளி, பாலாடைக்கட்டி மூன்றையும் அடுக்கிச் சுடலாம். சிங்கப்பூர் வெப்பம் இந்த ஒயினுக்கு ஆகாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். புதிய ஒயின் என்றால் ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள்.

அம்மா இன்றும் ஒயினைத் தொடுவதில்லை. ஆனால் எங்களோடு மேசையில் அமர்கிறார். முதல் கரண்டி அவர் தட்டில் விழும்வரை, எங்கள் குவளைகள் காலியாகவே இருக்கும்.