காருக்குக் கொஞ்சம் காத்து... நிறைய கவனம்!

'ஒரு டப்பாவை வாங்கி இன்ஜின்ல மாட்டினா கார் பறக்கும்'னு யாராவது சொன்னா அப்படியே நம்பிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை நான் கலிஃபோர்னியாவில் எம்.எஸ். படிச்சப்போ, ரூம்மேட்டோட கராஜ்ல தெரிஞ்சுக்கிட்டேன்.

அவன்கிட்ட இருந்தது 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட், 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைசக்தி. லைப்ரரியில் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசுல ஒரு சூப்பர்சார்ஜர் கிட் வாங்கிட்டான். இன்ஜின் போனா காசும் போச்சு, காரும் போச்சு. காலேஜ் போக வேற வண்டியும் கிடையாது.

சூப்பர்சார்ஜர்னா என்ன? காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுற பம்ப். டர்போவைச் சுத்த வைக்கிறது இன்ஜின் கக்குற புகை. இதைச் சுத்த வைக்கிறது இன்ஜினோட பெல்ட். இதில் ஒரு வகைக்குத் தாத்தா, 1860-ல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கின மெஷின். இரும்பு உருக்குற உலைக்குக் காத்து அடிச்சதை, பின்னாடி காருக்குள்ள கொண்டு வந்துட்டாங்க!

இப்போ ஒரு குட்டிக் கணக்கு. நம்மளைச் சுத்தி இருக்கிற காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதுக்கு மேல 6 பவுண்டு கூட்டினா, பேப்பர்ல சுமார் 40 சதவீதம் அதிகக் காற்று. அமுக்கினா காற்று சூடாகும், பெல்ட்டும் கொஞ்சம் சக்தியைத் தின்னும். அதனால நிஜத்துல லாபம் குறையும்.

ஆனா ஆபத்து அங்கே இல்லை. 100 பேருக்குச் சமைச்ச பந்தியில் 140 பேர் உட்கார்ந்தா என்ன ஆகும்? இங்கே காற்றுதான் விருந்தாளி, பெட்ரோல்தான் சாப்பாடு. சாதாரணமா 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று போதும். சூப்பர்சார்ஜர் தள்ளும்போது அந்த 14.7-ஐ 12-க்குப் பக்கத்துல இறக்கணும். அதாவது, பெட்ரோலைத் தாராளமா ஊத்தணும். பத்தலைன்னா சூடு ஏறி, கலவை கண்ட நேரத்துல வெடிக்கும். பிஸ்டன்ல ஓட்டையே விழலாம்.

அதனால முதல் நாள் அவன் ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டலை. நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்தான். பழைய இன்ஜின் பலவீனமா இருந்தா கிட்டை அப்படியே வித்துடுறதா பிளான். நல்லவேளை, பாஸ்!

அப்புறம்தான் பேட்டரி வயரைக் கழட்டி, கூலன்ட்டை வடிச்சு, இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கினோம். திறந்து கிடந்த துவாரங்களை உடனே சுத்தமான துணியால அடைச்சான். ஒரு நட்டு உள்ளே விழுந்தா கதை முடிஞ்சது. கழட்டின போல்ட் எல்லாம் பாலிதீன் கவர்ல, மேலே பேர் எழுதி. மாட்டும்போது டார்க் ரெஞ்ச். பெல்ட் ஓடுற பாதை நேரா இருக்கான்னு ஸ்கேல் வெச்சுப் பார்த்தது மட்டும் ஒரு மணி நேரம். கையைக் கட்டிட்டு நின்ன எனக்குக் கொட்டாவியே வந்துடுச்சு.

டெஸ்ட் டிரைவ். தேர்டு கியர்ல மிதிச்சதும் 'ஊய்ய்ய்'னு ஒரு சத்தம், முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. நான் கத்துறேன். அவன் கண்ணு மட்டும் மீட்டர்ல. காற்று-பெட்ரோல் விகிதம் 12-ல இருந்து மெள்ள 13-ஐத் தாண்டுது. சட்டுனு காலை எடுத்துட்டான்.

மறுநாள் மலை ரோட்டுக்குப் போறதா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சாச்சு. "மெதுவா ஓட்டிட்டு வந்துடலாமே"ன்னேன். "மிதிக்காம இருப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்லைடா"ன்னு சாவியை என் கையில கொடுத்துட்டான். பஸ்ல காலேஜ் போனான், மூணு வாரம். கடைசியில காரணம், அடைச்சுக்கிட்டிருந்த பழைய பெட்ரோல் ஃபில்டர். அதை மாத்தினதும் மீட்டர் 12-க்குக் கீழே கம்முனு நின்னுச்சு.

நம்ம ஊர்ல இதைச் செய்யலாமான்னு கேட்கிறீங்களா? ரோட்டுல ஓடுற வண்டிக்கு வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருக்கு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்க வழி இருக்கு. கலிஃபோர்னியாவிலும் சும்மா இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விலக்கு எண் இல்லாத கிட்டைப் போட்டா, புகைச் சோதனையில வண்டி பாஸாகாது.

ஆசை அடங்கலையா? கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடந்திருக்கு. காலேஜ் பசங்களே கார் கட்டி வந்து ஓட்டுற போட்டி. உங்க காலேஜ்ல டீம் இருந்தா சேருங்க, இல்லைன்னா ஆரம்பிங்க. டிராக்ல தாராளமா மிதிக்கலாம்... மீட்டரைப் பார்க்க ஒருத்தன் கூட இருந்தா!