வில்லுக்கத்தி

என் தந்தையார் எங்களுக்கு நிலம் விட்டுச் செல்லவில்லை. நகை விட்டுச் செல்லவில்லை. ஒரு வில்லுக்கத்தியை விட்டுச் சென்றார். கைப்பிடிக்குள் மடியும் ஒரேயோர் அலகு. சுருட்டின் நுனியை நறுக்கவும், மாம்பழம் சீவவும், எங்கள் பென்சில்களைக் கூராக்கவும் அது ஒன்றே போதுமாக இருந்தது. சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அதன் வில் முறிந்தது. அலகு நிற்கவும் மாட்டாமல் மடங்கவும் மாட்டாமல் தொய்ந்து விழுந்தது.

அதேபோன்ற ஒன்றை வாங்கலாம் என யாழ்ப்பாணம் பெரிய கடைக்குப் போனேன். அங்கே கத்திகள் பல இருந்தன; அந்தக் கத்தி இல்லை. "இப்ப இது வாறேல்லை ஐயா" என்றான் கடைப் பையன். ஏதோ ஒரு கத்தி போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

தந்தையார் களுத்துறையில் ஒரு சுருட்டுக் கடையிலே கூலிக்கு நின்றவர். 1958 மே மாதக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. பக்கத்திலே வாழைக்குலை விற்ற சிங்களவர் ஒருவர் தம் வீட்டுப் பின்னறையில், தேங்காய்க் குவியலுக்குப் பின்னால், அவரை இரண்டு இரவுகள் ஒளித்து வைத்தார். இரண்டாம் இரவு தேடி வந்துவிட்டார்கள். தந்தையார் இதை எங்களுக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார்:

"அந்த மனுசன் தன்ர பிள்ளையின்ர தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினார், உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு. நான் மடியிலை கத்தியைப் பிடிச்சபடி இருந்தன். விரிக்கேல்லை. விரிச்சா வில்லு 'டக்'கெண்டு கேட்கும். கேட்டா நான் மட்டுமில்லை, அந்தப் பிள்ளையளும் துலைஞ்சுதுகள்."

கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியபோது உடுத்த வேட்டியும் அந்தக் கத்தியுமே அவருடைய உடைமை. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அது என் மடியில் இருந்தது.

முறிந்த கத்தியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து முதன்முறையாக ஊன்றிப் பார்த்தேன். அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் தெரிந்தன. தேய்ந்த எழுத்துகளில் 'மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்வோர்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். படமெடுத்து இலண்டனிலுள்ள மகளுக்கு அனுப்பினேன். மறுநாளே விடை வந்தது. ஷெபீல்ட் நகரத்து ஜோசப் றொஜேர்ஸ் கத்தி அது. அந்தக் குறி 1682 ஆம் ஆண்டிலேயே பதியப் பெற்றுப் பின்னர் றொஜேர்ஸ் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகை ஹரி பிறியர்லி அதே ஷெபீல்டில் கண்டறிந்தது 1913 இல். எங்கள் கத்தியின் அலகு அவ்வகை எஃகு. முத்திரையோ அரசியைச் சொல்லாமல் அரசனைச் சொல்கிறது. எனவே 1913 க்குப் பின்னரும், எலிசபெத் அரியணையேறிய 1952 க்கு முன்னரும் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பழைய நிறுவனம் பின்னர் கைமாறியது. எங்கள் கத்தியின் வகை நின்றுவிட்டது.

முத்திரையில் மன்னர் இருக்கிறார். முதலாளியின் பெயர் இருக்கிறது. செய்தவனின் பெயர் இல்லை. ஒரு கத்தியை ஒருவன் செய்வதில்லை. ஒருவன் காய்ச்சி அடிப்பான். ஒருவன் சாணை பிடிப்பான். ஒருவன் வில்லும் பிடியும் பொருத்துவான். ஷெபீல்டில் சாணை பிடித்தவர்களைப் பற்றி ஏங்கெல்ஸ் 1845 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். நீரின்றி உலர்கல்லில் சாணை பிடித்தோர் சராசரி முப்பத்தைந்து வயதைத் தாண்டுவதே அரிது. ஈரக்கல்லில் பிடித்தோர் நாற்பத்தைந்தைத் தாண்டுவதும் அரிது. கல்லும் எஃகும் கலந்த தூசு நெஞ்சை அரித்துத் தின்றது. தூசை அகற்றும் பொறி அன்றே இருந்தது. ஆனால் தொழிலாளரே அதை விரும்பவில்லையாம். சில இடங்களில் உடைத்தும் விட்டார்களாம். ஆபத்துக் குறைந்தால் ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என்று அஞ்சினார்கள். கூலிக்கும் ஆயுளுக்கும் இடையே கூலியைத் தெரிய வேண்டிய நிலைக்கு மனிதனைத் தள்ளிய வாழ்க்கையை என்னவென்பது!

சில வாரங்களில் மகள் அதே பெயர் பொறித்த பிற்காலக் கத்தி ஒன்றை வாங்கி அனுப்பினாள். நல்ல கத்தி, குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் அதில்தான் பழம் சீவுகிறேன். ஆனால் பழையதை எறிய மனம் வரவில்லை. எங்கள் ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோனேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கேன் மாஸ்ரர் இவ்வளவு அலைஞ்சனீங்கள்? அலகு நல்லாய்த்தானே இருக்கு. வில்லுத்தான் முறிஞ்சிருக்கு" என்றார்.

ஆணிகளைக் கழற்றி, முறிந்த துண்டுகளைச் சேர்த்து அளவெடுத்தார். பழைய ஈர்வாள் தகட்டில் ஒரு துண்டை வெட்டினார், சாணைக்கல்லில் பிடித்தார், அரத்தால் அராவினார். செந்தணலில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடைந்துவிடுமாம். எனவே அதை மினுக்கி மீண்டும் இளஞ்சூட்டில் பிடித்தார். எஃகின் நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து ஊதாவாகி, ஊதாவிலிருந்து நீலமாகும் கணத்தில் எடுத்துவிட்டார். அந்தக் கணத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது தகப்பனார். அவர் யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்? மகன் வெளிநாட்டில்.

மின்சாரச் சாணைக்கல் சுழன்றபோது தூசு நேரே அவர் முகத்தில்தான் அடித்தது. இடையிடையே இருமினார்.

"மூக்கை மூடிக் கட்டினால் என்ன?" என்றேன்.

"கட்டினா மூச்சு முட்டும் மாஸ்ரர். பழகிப் போச்சு."

ஷெபீல்டில் சாணை பிடித்தவனும் தன் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லியிருப்பான். கேட்ட கூலி ஐந்நூறு ரூபா. கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்தார்.

மறுகிழமை ஒரு முகமறைப்பை வாங்கிக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். பின்னொரு நாள் அப்பக்கம் போனபோது அது சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. புதுக் கருக்கு அழியவில்லை. அவர் கல்லைச் சுழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவரிற் கோபமில்லை. தூசைப் பழக்கமாக்கிக் கொண்டாலன்றி ஐந்நூறு ரூபாவுக்கு உழைக்க முடியாது. ஒரு மாஸ்ரர் வாங்கிக் கொடுக்கும் துணியால் தீரும் காரியமன்று இது.

கத்தி இப்போது சரியாக விரிகிறது. வில்லின் ஓசை மட்டும் முன்போல் இல்லை, சற்று மந்தம். 1958 இல் இந்த வில் இருந்திருந்தால் விரித்திருப்பாரோ என்று சில வேளை நினைப்பதுண்டு. இல்லை, விரித்திருக்க மாட்டார். ஓசைக்கு அஞ்சி மட்டும் அவர் மடித்து வைத்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.