ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து

கோடீன் கலந்த வலிக் குளிசை அபினியிலிருந்து வருகிறதாமே, ஹராமில்லையா என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. நோய்க்கென வைத்தியர் அளந்து தருவது ஆகும். போதைக்கெனத் தேடுவதே விலக்கு. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு.

சென்ற மாதம் பசறைப் பக்கத் தோட்டத்துப் பெண்ணொருவர் மருந்துறையை நீட்டி, "மௌலவி, இதில என்ன எழுதியிருக்கு?" என்றார். கொழுந்துக் கூடை சுமந்து இடுப்பு வலி. கையில் பால்குடிக் குழந்தை. குளிசையோ கணவருக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்ததில் மீதி. பரசிற்றமோல் 500 மில்லிகிராம், கோடீன் 8 மில்லிகிராம்.

கோடீனில் ஒரு பங்கை ஈரல் மோர்பினாக மாற்றுகிறது. சிலர் உடம்பில் அது மிக வேகமாக நடக்கும். தாய்ப்பால் வழியே போனால் குழந்தை அளவுமீறித் தூங்கும், மூச்சு மந்தமாகலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் பாலூட்டும் தாய்மாருக்குக் கோடீனும் டிரமடோலும் ஆகாதென எச்சரித்தது. டிரமடோலில் வலிப்பு நோயாளருக்கும் ஆபத்துண்டு. வைத்தியர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்; சலித்துக்கொள்ளாதீர்கள். பாலூட்டுபவருக்குப் பரசிற்றமோலையோ இபுபுரோஃபெனையோ தனியாக எழுதுவதே பெரும்பாலும் வழக்கம். அந்தப் பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

இன்னொன்று. டிரமடோல் கூட்டுக் குளிசையிலும் பரசிற்றமோல் இருக்கும். நம் வீட்டுப் பெனடோலும் அதுவே. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராமே உச்சம், அதாவது 500 மில்லிகிராமில் எட்டுக் குளிசை. மிஞ்சினால் ஈரல் கெடும். வலி அடங்கவில்லையென்று இரண்டையும் சேர்த்து விழுங்குபவர், இந்த எட்டில் இரண்டையும் கூட்டியே எண்ண வேண்டும்.