ஒளி வாங்கும் புரதம்

உப்பு முற்றிய பாத்திகளில் நீர் செந்நிறம் கொள்வதுண்டு. அந்நிறத்திற்குக் காரணமானவற்றுள் ஒன்று, உப்பையே வாழிடமாகக் கொண்ட நுண்ணுயிர். அத்தகைய உயிரொன்றின் மென்சவ்வில் இருந்த ஊதாப் புரதத்தை 1971ஆம் ஆண்டில் ஓஸ்டர்ஹெல்ற், ஸ்ரோக்கேனியஸ் ஆகிய இருவரும் இனங்கண்டு அறிவித்தனர். பற்றீரியோறொடொப்சின் எனப்படும் அப்புரதத்தின் நடுவே இருப்பது றெற்றினல் என்னும் மூலக்கூறு. விற்றமின் ஏயிலிருந்து நமது உடல் ஆக்கி, விழித்திரையில் ஒளியைப் பற்றப் பயன்படுத்துவதும் அதனையே.

ஒளி பட்டதும் றெற்றினல் உருமாறுகிறது. புரதத்துள் மின்னேற்றம் இடம்பெயர்கிறது. 1992இல் யப்பானிய ஆய்வாளர் இப்புரதத்தை மின்வாயொன்றின்மேல் மென்படலமாகப் படியவைத்து ஒளிவாங்கி ஒன்றை அமைத்தனர். ஒளி தோன்றும்போது ஒரு மின்துடிப்பு. மறையும்போது எதிர்த்திசையில் இன்னொன்று. மாறாது நிற்கும் ஒளிக்கோ மௌனம். செய்தி என்பதே மாற்றந்தானே! ஆயினும், ஒரு முறை ஒளியை ஏற்ற மூலக்கூறு பழைய நிலைக்கு மீள ஏறத்தாழ 10 மில்லி செக்கன் செல்லும். கண்ணாடி இழைவழி விரையும் செய்திகளை வாங்கும் குறைகடத்திகளை இது வென்றுவிடும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. வாங்கும் இடம் உயிருள்ளதாயின் நிலைமை வேறு.

என் பெரியப்பா நெடுங்காலம் தந்தி வாங்கியவர். மேற்கூறியதைச் சொன்னபோது, “நாங்களும் அப்படித்தான் தம்பி, ஓசை தொடங்குவதையும் நிற்பதையுந்தான் கேட்போம்” என்றார். விழித்திரை நிறமிச் சிதைவினால் அவருடைய பார்வை ஆண்டுதோறும் குறுகி, இன்று பகலும் இரவும் மட்டுமே வேறாகத் தெரிகின்றன. ஆகவே அவருக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று.

இதே நோயுற்ற 58 வயதுடைய ஒருவரைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பாசியொன்றின் ஒளியுணர் புரதத்துக்குரிய பரம்பரையலகை, தீங்கற்ற வைரசு ஒன்றின் மூலம் அவருடைய விழித்திரை நரம்புக் கலங்களுள் செலுத்தியிருந்தனர். அவர் அணிந்த கண்ணாடியிலுள்ள கமரா ஒளியின் மாற்றங்களை மட்டும் கண்டறிந்து, செம்மஞ்சள் ஒளித்துடிப்புகளாக விழித்திரைக்கு அனுப்பியது. மாதக்கணக்கான பயிற்சியின் பின், மேசைமேல் இருந்த பொருள்களை அவர் கண்டறிந்தார், தொட்டார், எண்ணினார். கண்ணாடியைக் கழற்றியதும் அவை மறைந்தன.

“பத்திரிகை வாசிப்பாரோ?” என்று பெரியப்பா கேட்டார்.

இல்லையென்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, மேசையில் எத்தனை பொருள்கள் வைத்தார்கள் என்று வினவினார்.